போசிலோபோரா கோரலுக்குள்ள குட்டி நண்டு ஜோடி, அடிப்பக்கம் வெளுக்குது, நண்ட எடுத்துடலாமா?

தேக்காவாசி (சிங்கப்பூர்)

வணக்கம் எல்லாருக்கும், கொஞ்சம் அவசரமா கேக்கறேன். கடல்நீர் டேங்க் 3 அடி, ஏறக்குறைய 190 லிட்டர், ஓட ஆரம்பிச்சு 14 மாசம் ஆச்சு, சில்லர் போட்டு 26 டிகிரியில வெச்சிருக்கேன். உள்ள ரெண்டு க்ளவுன் மீன், ஒரு சிக்ஸ்லைன் ராஸ் மீன், ஒரு டயமண்ட் கோபி (மணல தோண்டற மீன்). போன மாசம் இங்க ஒருத்தர் டேங்க கலைக்கறார்னு கேள்விப்பட்டு அவர்கிட்ட இருந்து ரெண்டு கை சேர்த்து ஏந்தற அளவுக்கு ஒரு பிங்க் போசிலோபோரா (கிளை விடற கோரல், அதாவது பவளம்) வாங்கிட்டு வந்தேன். முதல் ராத்திரியே டார்ச் அடிச்சு பாத்தா கிளைக்கு நடுவுல ரெண்டு நண்டு, ஒவ்வொண்ணும் கட்டைவிரல் நகம் சைஸ்தான் இருக்கும், ஆரஞ்சும் ஊதாவும் கலந்த மாதிரி ஒரு கலர், இடுக்கி மட்டும் உடம்ப விட பெருசு, அது மேல பஞ்சு ஒட்டின மாதிரி முடி.

இப்போ 5 நாளா கோரல் அடிப்பக்கம் வெள்ளையா ஆகிட்டு வருது, ஒரு விரல் அகலம் ஏறிடுச்சு. கடையில கேட்டா "முடி இருந்தா கெட்ட நண்டு, தூக்கிப் போடு"ன்னு சொல்லிட்டாங்க. நானும் பயத்துல நேத்து சத்தே குச்சி வெச்சு குத்தி குத்தி ஒண்ண வெளிய கொண்டு வந்துட்டேன், அது இப்போ ஸம்ப்ல (டேங்குக்கு கீழ இருக்கற வடிகட்டித் தொட்டி) தயிர் டப்பாக்குள்ள இருக்கு, டப்பாவுல ஓட்டை போட்டிருக்கேன். இன்னொண்ணு உள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு. அதையும் எடுக்கணுமா? எடுத்தா என்ன பண்றது?

ஏக்ரோபிரியன் (மெல்பர்ன்)

ப்ரோ யோசிக்காம எடுங்க. நான் பட்ட அனுபவத்துல சொல்றேன். லைவ் ராக் (டேங்க்ல போடற கடல் பாறை) கூட வந்த ஒரு நண்டு, பழுப்பு கலர், கால் பூரா முடி, இடுக்கி நுனி கருப்பு, பகல்ல பாறை ஓட்டைய விட்டு வெளிய தலையே காட்டாது. தினமும் காலைல எழுந்து பாத்தா ஏக்ரோல (ஏக்ரோபோரா கோரல்) ஏதாவது ஒரு கிளை சுரண்டி வெள்ளையா இருக்கும். மூணு காலனி போச்சு, ஒண்ணு நான் ஃப்ராக்ல (சின்ன துண்டு) இருந்து ரெண்டு வருஷம் வளர்த்தது. கடைசில ஒரு கண்ணாடி டம்ளர பாறை மேல சாய்ச்சு வெச்சு உள்ள ஒரு துண்டு இறால் போட்டு வெச்சேன், ராத்திரி வாசனைக்கு உள்ள எறங்கிச்சு, வழுக்கற கண்ணாடில திரும்ப ஏற முடியல, மாட்டிக்கிச்சு. முடியும் கருப்பு நுனியும் இருந்தா நான் இனிமே சந்தேகமே பட மாட்டேன்.

கிள்ளான்_ரீஃபர் (மலேசியா)

தம்பி ஒரு நிமிஷம், அந்த ரெண்டாவது நண்டு மேல இப்போ கை வெக்காதீங்க. டப்பால இருக்கறதையும் கொன்னுடாதீங்க, தண்ணி ஓடற எடத்துல வைங்க. ஏக்ரோபிரியன் சொல்றது அவர் நண்டுக்கு சரி, ஆனா அது பாறையில குடியிருந்த நண்டு, உங்களுது கோரல்லயே குடியிருக்கற நண்டு, ரெண்டும் வேற வேற குடும்பம்.

சிலது மட்டும் பாத்து சொல்லுங்க. முடி எங்க இருக்கு, கால் உடம்பு எல்லாம் இருக்கா இல்ல இடுக்கி வெளிப்பக்கம் மட்டுமா? முதுகு ஓடு மேடு பள்ளமா இருக்கா இல்ல தட்டையா பீங்கான் மாதிரி மினுமினுன்னு இருக்கா? ராத்திரி கோரல விட்டு எறங்கி பாறைக்கு போகுதா? அப்புறம் முக்கியமா அல்க் (தண்ணியோட காரத்தன்மை அளவு) என்ன, கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணீங்க? போசிலோபோரா அடில இருந்து வெளுக்குதுன்னா நான் முதல்ல அல்க்தான் கேப்பேன், நண்ட இல்ல.

தேக்காவாசி

அண்ணே இப்பதான் டப்பாவுல இருக்கறத வெள்ளைக் கிண்ணத்துல மாத்தி லென்ஸ் வெச்சு பாத்தேன். முதுகு சுத்தமா வழுவழுன்னு இருக்கு, முடியே இல்ல, முன்பக்கம் அகலம் பின்பக்கம் குறுகல், கண்ணு ரெண்டும் ரெண்டு மூலையில இருக்கு. முடி இடுக்கியோட மேல்பக்கம் வெளிப்பக்கம் மட்டும்தான், வெல்வெட் மாதிரி. இடுக்கிய தூக்கிட்டு நின்னப்ப மேல்கை மாதிரி இருக்கற பாகத்தோட உள் விளிம்புல ரம்பப் பல் மாதிரி வரிசையா இருந்துச்சு. நுனி கூர்மையா இருக்கு, பழுப்பு கலர். வாங்கின நாள்ல இருந்து அது கோரல விட்டு எறங்கி நான் பாத்ததே இல்ல.

அல்க் 10 நாளா பாக்கல, மன்னிச்சுக்கோங்க, இன்னிக்கு ராத்திரி பாத்துட்டு சொல்றேன்.

அலைவாய் (தூத்துக்குடி)

தம்பி, இவ்ளோ தெளிவா எழுதினதுக்கு நன்றி, போட்டோ இல்லாமலே சொல்லிடலாம் போல இருக்கு. நான் கடல் உயிரியல் படிச்சவ, நண்டு என் பாடம் இல்லைனாலும் பவளத்துல டைவ் பண்ணி பழக்கம். நீங்க சொல்றது ட்ரபீசியா. முன்ன அகலம் பின்ன குறுகல்னு சொன்னீங்கல்ல, அந்த சரிவக உருவத்த வெச்சுத்தான் அந்தப் பேரே. அதுலயும் இடுக்கி மேல வெல்வெட் இருக்கறதும் ஊதா ஆரஞ்சு கலரும் சேர்ந்தா ட்ரபீசியா சைமோடோசியா இருக்க நல்ல வாய்ப்பு. "முடி இருந்தா கெட்டது"ங்கற விதி தடுமாறி விழற இடம் இதுதான், அந்த விதியால எத்தன நல்ல நண்டு குப்பைக்கு போயிருக்குமோ தெரியல.

இது போசிலோபோரா, ஸ்டைலோபோரா, செரியடோபோரா வகைக் கோரல்லதான் வாழும், வெளிய அதுக்கு வாழ்க்கையே கெடையாது. ஏக்ரோபோராவுக்கு இதே மாதிரி டெட்ராலியான்னு இன்னொரு சின்ன நண்டு இருக்கு, ஒண்ணோட வீட்டுக்கு இன்னொண்ணு போகாது. பெரிய நண்டுன்னா பொதுவா ஒரு காலனிக்கு ஒரு ஜோடி, ஆணும் பொண்ணும், வேற நண்டு வந்தா சண்டை போட்டு தொரத்திடும். கால் நுனில சீப்பு மாதிரி மயிர் இருக்கும், அத வெச்சு கோரல் மேல இருக்கற வழவழப்ப வழிச்சு சாப்பிடும். வழவழப்பு மட்டும் இல்ல, போசிலோபோரா தன் பாலிப் (கோரல கட்டற குட்டி உயிர்) நுனில கொழுப்பு உருண்டை செஞ்சு வெக்கும், நண்டு உள்ள இருந்தா அந்த உற்பத்தியே கூடுதுன்னு 1990ல ஹவாய்ல இருந்த ஒரு ஆய்வாளர் எழுதினார். வீட்டுக்காரர் வாடகை வாங்காம மூணு வேள சோறும் போடறார்னு வெச்சுக்கோங்களேன், காரணம் இல்லாம யாரும் அப்படி போட மாட்டாங்க.

காரணம் என்னன்னா காவல். முள் நட்சத்திரமீன் கோரல் மேல ஏற வந்தா இந்த நண்டுங்க ஓடி வந்து அதோட குழாய்க்கால கிள்ளும், முள்ள பிடிச்சு ஆட்டும், ஒடிக்கும், தன்னைவிட பல மடங்கு பெரிய பிராணி திரும்பிப் போயிடும். பனாமா பக்கம் பசிபிக்ல பீட்டர் க்ளின் 1970கள்லயே இத பதிவு பண்ணியிருக்கார், அல்ஃபியஸ்னு ஒரு சொடக்கு போடற இறாலும் கூட்டு சேர்ந்து காவல் காக்கும். உங்க டேங்க்ல நட்சத்திரமீன் வராதுதான், ஆனா இன்னொரு வேலை இருக்கு, அது உங்களுக்கு நேரடியா சம்பந்தப்பட்டது. 2006ல பசிபிக்ல இருக்கற மூரியா தீவுல ஒரு ஆய்வு பண்ணாங்க, கிளைக் கோரல்ல இருந்து ட்ரபீசியாவையும் டெட்ராலியாவையும் எடுத்துட்டு பாத்தாங்க. ஒரு மாசத்துக்குள்ள 50ல இருந்து 80 சதவீதம் கோரல் செத்துப் போச்சு, பொழச்சதும் மெதுவா வளர்ந்துச்சு, அதிகமா வெளுத்துச்சு. மேல விழற மண்ண நண்டு அள்ளி வெளிய போட்டுட்டே இருந்திருக்கு, நண்டு போனதும் மண்ணு தங்கிடுச்சு.

உங்க டேங்க்ல டயமண்ட் கோபி இருக்குன்னு எழுதியிருக்கீங்க. கோரல் எங்க வெச்சிருக்கீங்க?

தேக்காவாசி

அக்கா, மணல்ல இருந்து ஒரு சாண் உயரத்துல, கோபி குழி தோண்டற இடத்துக்கு பக்கத்துல. எனக்கு வயித்தக் கலக்குது. இப்பவே போய் பாக்கறேன்.

ஏக்ரோபிரியன்

சரி நான் அவசரப்பட்டுட்டேன், ட்ரபீசியான்னா என் வார்த்தைய வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஒரு சந்தேகம் இருக்கு அலைவாய், நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். நான் பாத்த வரைக்கும் கோரல் எங்க சாவுதோ நண்டு அங்கதான் உக்காந்திருக்கும், அதுவும் வெள்ளைக்கும் உயிருக்கும் நடுவுல இருக்கற கோட்டு மேலயே. அது திங்காம என்ன பண்ணுது?

அலைவாய்

நல்ல கேள்வி, இதே சந்தேகம் ஆராய்ச்சி பண்றவங்களுக்கும் வந்துச்சு. சைமோ மெலனோடேக்டிலஸ்னு ஏக்ரோபோரால வாழற ஒரு நண்டு, நீங்க சொன்ன மாதிரி கருப்பு இடுக்கிதான். வெள்ளை நோய் பிடிச்ச ஏக்ரோவுல இது கூட்டம் கூட்டமா இருக்கும், அதனால இதுதான் நோய பரப்புதோன்னு எல்லாரும் நினைச்சாங்க. கிரேட் பேரியர் ரீஃப்ல நோய் வந்த கோரல்ல இருந்து நண்ட எடுத்துட்டு பாத்தா நோய் மெதுவாகும்னுதானே நினைப்போம், நண்டு எடுத்த கோரல்லதான் வேகமா பரவிச்சு, 2013ல அந்த ஆய்வு வந்துச்சு. செத்த சதையயும் அது மேல பெருகறதயும் நண்டு தின்னு தீர்க்கறதால நோய் நகர்றது மெதுவாகுதுங்கறது அவங்க விளக்கம். அந்த நண்டு கோரல் சதையயும் கடிக்கும், அதுல மறைக்க ஒண்ணும் இல்ல. ஆனா கோட்டு மேல உக்காந்திருக்குங்கறத மட்டும் வெச்சு அதுதான் ஆரம்பிச்சு வெச்சதுன்னு முடிவு கட்ட முடியாது.

உங்க மூணு காலனி சாப்பிட்டது பாறைல இருந்து ராத்திரி வந்து மேய்ஞ்ச நண்டு, அதுல எனக்கு சந்தேகம் இல்ல, அத எடுத்தது சரிதான். பகல்ல எங்க தூங்குதுன்னு பாருங்க, பாதி அடையாளம் அதுலயே கெடச்சிடும்.

ஸ்கார்பரோ_ரீஃப் (டொரன்டோ)

இதை வாசிக்க எனக்கு மனசு கனத்துப் போச்சு, ஏனெண்டா நான் செய்த பிழை இதைவிடப் பெரிசு. மூண்டு வருசத்துக்கு முன்னம் ஒரு ஸ்டைலோபோரா வாங்கினனான், பூச்சி வரக்கூடாது எண்டு நேரா டிப் தண்ணிக்குள்ள (பூச்சி கொல்லுற மருந்துத் தண்ணி) போட்டுட்டன். ரெண்டு நிமிசத்தில சிவப்புப் புள்ளி போட்ட நண்டு ஒண்டு கிளையில இருந்து விழுந்து காலை அடிச்சுக்கொண்டு கிடந்தது, பிறகு மற்றது. ரெண்டும் செத்துப் போச்சு. உள்ளுக்க ஆரும் இருக்கினமோ எண்டு நான் பார்க்கவே இல்லை.

இப்ப நான் செய்யிறது என்னெண்டா, புதுக் கோரல் வந்தா முதல்ல டாங்க் தண்ணி நிரப்பின வாளிக்குள்ள வைச்சு சிவப்பு லைட்டால எல்லாக் கிளையும் பார்ப்பன். நண்டு இருந்தா கோரலைத் தலைகீழாப் பிடிச்சு மெதுவா பேஸ்டரால (ரப்பர் பல்ப் வைச்ச குழாய்) தண்ணி அடிப்பன், இல்லாட்டி மெல்லிய பிளாஸ்டிக் குழாயால தள்ளுவன், பொறுமையா அரை மணித்தியாலம் நிண்டா வந்திடும். நண்டை தனியா வைச்சிட்டு கோரலை டிப் பண்ணி, நல்ல தண்ணியில ரெண்டு தரம் அலசி, பிறகு நண்டை அதிலயே விடுவன். ரெட் பக் எண்ட கோரல் பூச்சி வந்தா போடுற மருந்தும் அப்பிடித்தான், அது நண்டு இறால் எல்லாத்தையும் சேர்த்துக் கொல்லும், கவனம் தம்பி.

தேக்காவாசி

அப்டேட். ராத்திரி 11 மணிக்கு எழுதறேன்.

அல்க் 10.6 வந்துச்சு. நான் எப்பவும் 8.2ல வெச்சிருப்பேன். ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணேன், ரெண்டு தடவையும் அதேதான். அல்க் கரைசல தானா ஊத்தற டோசிங் பம்ப பாத்தா ஏதோ ஒரு நாள் நானே அளவ மாத்தி செட் பண்ணி திரும்ப மாத்தாம விட்டிருக்கேன். வெளுக்க ஆரம்பிச்சதுக்கு அதுதான் காரணமா இருக்கணும், ஏன்னா நண்ட எடுக்கறதுக்கு முன்னாடியே வெளுக்க ஆரம்பிச்சிருச்சு.

ஆனா அக்கா சொன்னது அதவிட என்னை ஒலுக்கிடுச்சு. கோரலோட நடுக்கவட்டுல, எந்தப் பக்கத்துல இருந்து நண்ட எடுத்தேனோ அந்தப் பக்கம், மணல் ஒரு டீஸ்பூன் அளவு உக்காந்திருக்கு. ஒரே ராத்திரி ஒரு பகல்ல. மத்த நண்டு இருக்கற பக்கம் அவ்ளோ மணல் இல்ல. ஒரு மாசமா கோபி அதே எடத்துல தோண்டிட்டுதான் இருக்கு, மணல் தங்கி நான் பாத்ததே இல்ல, ஏன்னு ஒரு நாள் கூட யோசிக்கல. இப்போ பேஸ்டர் வெச்சு ஊதி எடுத்துட்டேன்.

டப்பால இருக்கறத திரும்ப விடலாம்ல? சேத்துக்குமா?

கிள்ளான்_ரீஃபர்

ஒரு நாள்தானே ஆச்சு, அதே ஜோடிதான், விடுங்க. ஆனா லைட் எல்லாம் அணைஞ்சு சிக்ஸ்லைன் தூங்கப் போன பிறகு விடுங்க, நடுத்தண்ணில நண்டு விழறத அது பாத்துச்சுன்னா விடாது. வேவ்மேக்கர (தண்ணிய ஓட வெக்கற மோட்டார்) நிறுத்திட்டு ஒரு அகலமான பிளாஸ்டிக் குழாய கோரல் மேல வரைக்கும் எறக்கி அதுக்குள்ள நண்ட விடுங்க, நேரா கிளைல போய் எறங்கிடும்.

அல்க்க ஒரே நாள்ல கீழ கொண்டு வராதீங்க, டோசிங்க நிறுத்திடுங்க, கோரல் தானா எடுத்து எடுத்து எறங்கட்டும், தெனமும் அதே நேரத்துல டெஸ்ட் பண்ணுங்க. 8.5 பக்கம் வந்ததும் பழைய அளவுல டோசிங் ஆரம்பிங்க. கோரல உயரமா, கோபி எட்டாத எடத்துல, தண்ணி ஓட்டம் நல்லா இருக்கற பக்கமா மாத்துங்க. மாத்தறப்ப கோரல தண்ணிய விட்டு வெளிய எடுக்காதீங்க, நண்டு குதிச்சிரும்.

பெரம்பூர்_பையன் (சென்னை)

அண்ணே அக்கா எல்லாரும் சொல்றத படிச்சா எனக்கும் இந்த நண்டு வேணும்னு தோணுது. தூத்துக்குடி பக்கம் மீனவர் ஒருத்தர் தெரிஞ்சவர், அவர்கிட்ட சொன்னா பாறையோட கொண்டு வந்து தருவாரா?

அலைவாய்

தம்பி, வேண்டவே வேண்டாம். கோபமா சொல்லல, தெரியாம கேட்டிருக்க. நம்ம நாட்டுல கடல் அட்டைய பிடிச்சா கேஸ் போடறாங்கல்ல, அதே 2001ல பாறை கட்டற பவளம் எல்லாத்தையும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணைல சேத்துட்டாங்க. உயிரோட இருந்தாலும் செத்த பவளமா இருந்தாலும் எடுக்கறது குத்தம், அந்த மீனவருக்கும் சேத்து சிக்கல்.

சட்டத்த விடு. மன்னார் வளைகுடால 21 தீவு சுத்தி இருக்கற பவளம் 2016 வெப்பத்துல எவ்ளோ வெளுத்துச்சுன்னு நான் தண்ணிக்குள்ள போய் பாத்தவ. கெளை விடற ஏக்ரோபோரா, மான்டிபோரா, போசிலோபோராதான் ரொம்ப அடிபட்டுச்சு. கெளை செத்து பாசி மூடிட்டா அதுல இந்த நண்டு இருக்காது, வெறும் வீடுதான் நிக்கும். பொழச்ச ஒவ்வொண்ணுலயும் ஒரு ஜோடி காவல் இருக்கணும்னுதான் ஆசப்படறேன், அத நம்ம கண்ணாடிப் பெட்டிக்கு எடுத்துட்டு வரக்கூடாது. ஒரு நாள் இங்க வா, டைவ் பண்ண தெரியலைன்னாலும் ஸ்நார்க்கல் போட்டு அனுமதி இருக்கற இடத்துல காட்டறேன்.

பெரம்பூர்_பையன்

சரிக்கா. தெரியாமத்தான் கேட்டேன். கண்டிப்பா வர்றேன்.

தேக்காவாசி

9 நாள் ஆச்சு, எல்லாத்தையும் எழுதிடறேன்.

அன்னிக்கு ராத்திரி 1 மணிக்கு அண்ணன் சொன்ன மாதிரியே குழாய் வழியா விட்டேன். எறங்கினதும் ஒரு ரெண்டு நிமிஷம் மேல் கிளைல அசையாம பிடிச்சுட்டு நின்னுச்சு. உள்ள இருந்தது மெதுவா ஏறி வந்து இடுக்கிய நீட்டி நின்னுச்சு, சண்டை போடப் போகுதுன்னு நினைச்சேன், ரெண்டும் இடுக்கிய இடுக்கியோட தொட்டுட்டு அப்படியே நின்னுச்சு, அப்புறம் ஒண்ணு பின்னால ஒண்ணா கீழ போயிடுச்சு. நான் ஸ்டூல் போட்டு உக்காந்து சிவப்பு டார்ச்சோட 3 மணி வரைக்கும் பாத்துட்டே இருந்தேன். கவட்டுல மிச்சம் இருந்த மணல நான் விட்டு வந்தது எடுத்துச்சு, ஒவ்வொரு துகளா இல்ல, கால வெச்சு வழிச்சு சேத்து விளிம்புக்கு தள்ளி கீழ விட்டுச்சு.

அல்க் இப்போ 8.6. வெள்ளை நாலு நாளா ஏறல. வெளுத்த எடம் பச்சைப் பாசி பிடிக்க ஆரம்பிச்சிருக்கு, அது திரும்ப வராதுன்னு தெரியும், ஆனா அதுக்கு மேல இருக்கற ஓரத்துல பாலிப் நல்லா விரியுது. எது எவ்ளோ பங்குன்னு என்னால பிரிச்சு சொல்ல முடியாது, அல்க்கும் சரியாச்சு, எடமும் மாறிச்சு, நண்டும் திரும்பிச்சு.

இன்னொரு விஷயம், நான் பிடிச்சு டப்பால வெச்சது பொண்ணு. வயித்து மடிப்புக்கு அடில ஆரஞ்சு கலர்ல முட்டை இருக்கு, நேத்துதான் அது கிளைல கால மாத்தி ஏறினப்ப பாத்தேன். அத நான் குச்சியால குத்தி எடுத்திருக்கேன்.

அப்புறம் இத பாக்கறப்ப வேற ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. அதே கோரல்ல பின்பக்கம் ரெண்டு கிளை நுனி தட்டையாகி ஒண்ணோட ஒண்ணு வளைஞ்சு, ரெண்டு உள்ளங்கைய குவிச்ச மாதிரி ஒரு கூடு, ஓரத்துல வரிசையா சின்ன சின்ன ஓட்டை. நோயா?

அலைவாய்

முட்டையோட இருக்கறத எடுத்து திரும்ப கொண்டு போய் விட்டுட்ட, அது உயிரோட இருக்கு, அத நினைச்சு தூங்கு. குஞ்சு பொரிஞ்சா மெதக்கற பருவம், ஸ்கிம்மர் (அழுக்க நுரையா எடுக்கற கருவி), பம்ப்னு வீட்டு டேங்க்ல தாண்டி வராது, அதுக்கு நீ பொறுப்பு இல்ல.

அந்தக் கூடு நோய் இல்ல! அதுக்குள்ளயும் ஒரு நண்டு இருக்கு, ஹேபலோகார்சினஸ், கூடு நண்டுன்னு வெச்சுக்கோ. 1859லயே பேர் வெச்ச ஜாதி. பொண்ணு சின்னதா இருக்கறப்ப கிளை நுனில வந்து உக்காரும், கோரல் அத சுத்தி வளர்ந்து கூடா மூடிடும், அப்புறம் ஆயுசு பூரா அதுக்குள்ளதான். அந்த ஓட்டைங்க வழியாத்தான் தண்ணி உள்ள போய் வரும். ஆண் ரொம்ப பொடிசு, வெளிய சுத்தும், ஓட்டை வழியா வந்துட்டு போகும். ஒண்ணோ ரெண்டோ இருந்தா கோரலுக்கு பெரிய பாதிப்பு இல்ல. உடைச்சு பாக்காத.

தேக்காவாசி

உடைக்க மாட்டேன் அக்கா. இப்போ லென்ஸ் வெச்சு ஓட்டை பக்கம் டார்ச் அடிச்சேன், உள்ள ஏதோ வெள்ளையா ஒரு கால் மாதிரி அசைஞ்சு திரும்ப உள்ள போச்சு.

கோபிக்கு வேற வீடு பாத்தாச்சு, நண்பர் ஒருத்தர் 6 அடி டேங்க்ல மணல் மட்டும் போட்டு வெச்சிருக்கார், சனிக்கிழமை கொண்டு போறேன். கிள்ளான் அண்ணே, கோபிய பிடிக்க நல்ல வழி இருந்தா சொல்லுங்க, வலைய பாத்தாலே மணலுக்குள்ள போயிடுது.

கிள்ளான்_ரீஃபர்

லைட் அணைக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி அது எந்தக் குழில போய் படுக்குதுன்னு பாத்து வெச்சுக்கோங்க. அப்புறம் இருட்டுல ஒரு ப்ளாஸ்டிக் டப்பாவ வாய்ல கவுத்து வெச்சு, பின்பக்கமா மணல கையால மெதுவா கெளறுங்க, நேரா டப்பாக்குள்ள வரும். மணல் கெளப்பறப்ப போசிலோபோரா பக்கம் தூசி போகாம வேவ்மேக்கர நிறுத்திடுங்க. போனா அன்னிக்கு ராத்திரி நண்டுக்குத்தான் வேல.